பன்னிரண்டு பேர் இருந்தால்தான் படம்

அக்காவின் வீட்டுக்காரரைத் தறிக்கூடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஃபாரின்’ என்பார்கள். வெளிநாட்டை விடுங்கள், பக்கத்து ஊருக்குப் போவதற்கே பத்து தடவை யோசிக்கிற மனிதர். ஆனால் பார்க்கிற படமெல்லாம் வெளிநாட்டுப் படம். அதுவும் அடிதடி, கார் துரத்தல், உலகம் அழிவது என்று ஊரே போய்ப் பார்க்கிற வகை இல்லை. வரைபடத்தில் விரலை வைத்துத் தேட வேண்டிய நாடுகளின் படங்கள். ஒருவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் வந்து பக்கத்தில் உட்காருவார். இருவரும் ஏதோ பேசுவார்கள், கீழே நம் மொழியில் எழுத்து ஓடும், ஒரு பறவை போகும், படம் முடிந்துவிடும். எனக்கு அவர் அத்தான். எங்கள் மில்லில் தறி ஃபிட்டர். நான் அதே தறிக்கூடத்தில் நெசவாளி. இரண்டு பேருக்கும் இரவு ஷிஃப்ட்.

இந்த மாதிரிப் படங்கள் எங்கள் ஊருக்கு வந்தால்தானே. எப்போதாவது ஒன்று வரும். போஸ்டர் ஒட்டிய பசை காய்வதற்குள் தூக்கிவிடுவார்கள். அத்தான் அதற்காகப் படாத பாடு படுவார். எங்கேயாவது ஒரு நூலகத்தில் மாதம் ஒரு படம் போடுகிறார்கள் என்றால் பஸ் ஏறிவிடுவார். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு போய் உட்காருவார். ஒருமுறை வெளிநாட்டு மாணவர்கள் தங்கும் விடுதியில் சுவரில் போர்வையைக் கட்டிப் படம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தண்ணீர்க் குழாயைப் பார்க்க வந்த ஃபிட்டர் என்று வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே போய்விட்டார். குழாயையும் சரிசெய்து கொடுத்தாராம். ஆனால் முகம் வாடித்தான் திரும்பி வந்தார். "எழுத்து போடல மாப்ள, வெறும் படம்" என்றார். குழாய் வேலைக்குக் கூலியாவது கேட்டிருக்கலாம் என்று நான் சொன்னேன்.

கடைசியில் மில் கேட்டுக்கு எதிரே இருக்கும் தியேட்டரைப் பிடித்தார். கீழே பெரிய அரங்கம், மாடியில் சின்னதாக இன்னொன்று. மாடி அரங்கம் பாதி நாள் பூட்டியே கிடக்கும். தியேட்டர் மேனேஜரை விடாமல் நச்சரித்து, புதன்கிழமை காலைக்காட்சிக்கு மட்டும் இந்தப் படங்களை வரவழைக்கச் சம்மதிக்க வைத்துவிட்டார். மேனேஜர் லேசுப்பட்ட ஆள் இல்லை. "பன்னிரண்டு தலை இருந்தா ஓட்டுவேன். ஒண்ணு குறைஞ்சாலும் மெஷினைத் தொட மாட்டேன். இடைவேளைக்கு அப்புறமும் எண்ணுவேன். பாதியில எழுந்து போனாங்கன்னா அந்த இடத்திலேயே நிறுத்திடுவேன். அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வராதீங்க" என்றார்.

ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பன்னிரண்டு பேருக்கு எங்கே போவது? இடைவேளையில் எழுந்து போகாதவர்களாகவும் இருக்க வேண்டும். அத்தான் ஃபிட்டர் புத்தியோடு யோசித்தார். நேராகத் தறிக்கூடத்துக்கு வந்தார்.

இரவு ஷிஃப்ட்காரர்களுக்குப் பகலில் தூங்க இடம் கிடையாது. வீட்டில் பிள்ளைகள் கத்தும், தகரக் கூரை கொதிக்கும், மாடியில் யாராவது கட்டிலை இழுப்பார்கள். குளிர்ந்த இருட்டில் மெத்தை வைத்த நாற்காலி, சீட்டும் அத்தான் செலவு என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? துணி மடிப்புப் பிரிவு அக்கா ஒருத்தி, தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிற பெரியவர், எண்ணெய் போடுகிற இரண்டு பேர் என்று கும்பல் சேர்ந்துவிட்டது. தூங்குகிறவன் இடைவேளையில் எழுந்து போக மாட்டான். மேனேஜர் டார்ச்சை அடித்துத் தலையை எண்ணுவார். கண் திறந்திருக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை போடவில்லையே.

சத்தத்தைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. நாங்கள் தறி ஓடுகிற சத்தத்திலேயே துணிப் பொதி மேல் சாய்ந்து தூங்கிப் பழகியவர்கள். எங்களை எழுப்ப வேண்டுமென்றால் தறியை நிறுத்த வேண்டும். கரண்ட் போய்த் தறிக்கூடம் அடங்கிய நொடியில், யாரோ தோளைத் தொட்டதுபோல அத்தனை பேரும் முழித்துக்கொள்வோம்.

எனக்குத் தூக்கம் மட்டும் காரணம் இல்லை. அக்கா என்னை வேவு பார்க்க அனுப்பியிருந்தாள்.

அக்காவும் அத்தானும் ஒரு காலத்தில் சேர்ந்து படம் பார்த்தவர்கள். நம் படம் எது வந்தாலும் முதல் வாரம் போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாளைக்கு அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு அத்தான் மெல்ல மெல்ல நின்றுவிட்டார். அக்கா கூப்பிட்டால் தலைவலி என்பார். அவள் போகட்டும், தான் வாசலில் நிற்பதாகச் சொல்வார். வீட்டில் பேச்சும் குறைந்தது. அக்கா அடுப்படியிலிருந்து பத்து கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் வேறு எதற்கோ வந்த பதிலாக இருக்கும். மற்ற வீட்டுப் பெண்களிடம் சொன்னால் சிரித்தார்களாம். எந்த வீட்டுப் புருஷன் காதில் வாங்கிக்கொள்கிறான், உனக்கு மட்டும் என்ன தனியாக என்று கேட்டார்களாம்.

எல்லாவற்றையும்விட மகள் விஷயம்தான் அக்காவை அரித்தது. அவர்களுக்கு ஒரே பெண். தூரத்து நகரத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணுவாள். அத்தான் போனைத் தொடவே மாட்டார். போன் திரை ஒளிர்ந்ததும் "நீயே பேசு" என்று அக்காவிடம் தள்ளிவிட்டு வெளியே போய்ச் செருப்பைத் துடைப்பார். அப்பாவுக்கு என்மேல் என்ன கோபம் என்று அந்தப் பெண் கேட்டுக் கேட்டு, இப்போது கேட்பதையும் விட்டுவிட்டாள்.

"வீட்டுல ஒருத்தி பேசுறது சுவத்துக்குப் பேசுற மாதிரி இருக்குடா. புதன்கிழமை வந்தா மட்டும் மாப்பிள்ளை மாதிரி தலை சீவிக்கிட்டுப் போறாரு. எங்கிட்ட இல்லாதது அங்க என்ன இருக்குன்னு நீ போய்ப் பாத்துட்டு வா" என்றாள் அக்கா.

நானும் போனேன். பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று கண்ணை விரித்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். விளக்கு அணையும். யாரோ ஒரு பெண் ஏதோ ஒரு மொழியில் மெல்லப் பேச ஆரம்பிப்பாள். அவ்வளவுதான், என் வேவு வேலை முடிந்தது.

ஆனால் அந்தத் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு தூக்கம் நான் வேறெங்கும் தூங்கியதில்லை. பாதித் தூக்கத்தில் அந்த மொழி எனக்குப் புரியும். சத்தியமாகப் புரியும். பனி மூடிய ஒரு வீதியில் நான் நடந்துகொண்டிருப்பேன், ஒரு கிழவர் வண்டியை நிறுத்தி என்னவோ கேட்பார், நான் அவர் மொழியிலேயே வழி சொல்வேன். ஒருமுறை மரப்படிகள் உள்ள ஒரு வீட்டில் யாரோ எனக்காகச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். யார் என்று தெரியவில்லை. போய்ச் சேர நேரமாகிவிட்டதே என்று அவ்வளவு வருத்தமாக இருந்தது. மடிப்புப் பிரிவு அக்கா ஒரு புதன்கிழமை படி இறங்கும்போது, தான் இப்போது ஒரு தீவில் ஆடு மேய்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். பாவு ஓட்டுகிற பெரியவர் வாரா வாரம் ஒரே ரயிலில் போவதாகவும் இறங்கும் இடம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது என்றும் சொல்வார். வெயிலில் வந்து நிற்கும்போது எங்களுக்கு மில் கேட்டே கொஞ்ச நேரம் வேற்று நாடாகத் தெரியும். அத்தான் மட்டும் கதையை முழுசாகப் பார்த்த முகத்தோடு, தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு முன்னால் நடப்பார்.

"என்னடா இருக்கு அங்க?" என்பாள் அக்கா.

"நல்ல குளிர்" என்பேன். வேறு என்ன சொல்ல?

எனக்கும் பொறுமை இருக்கிறது இல்லையா. ஒருநாள் நானே நடுவில் புகுந்து இதைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அவருக்குப் பிடித்த வெளிநாட்டுப் படம் ஒன்றை, நம் மொழியில் குரல் கொடுத்து வெளியிட்டிருந்தார்கள். தேடிப் பிடித்து அந்த டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போனேன். வீட்டிலேயே அக்காவும் அவரும் சேர்ந்து பார்க்கட்டும், எழுத்தைப் படிக்கிற வேலையும் இல்லை. அத்தான் டிவிக்கு நேரே ஆசையோடு வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் பார்த்திருப்பார். திரையில் பேசுகிறவர்களின் வாயையே உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து அணைத்துவிட்டார். "இது வேண்டாம் மாப்ள" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நம்ம பாஷையிலதானே பேசுறாங்க. அக்காவுக்கும் புரியுது. உங்களுக்கு இன்னும் என்னதான் வேணும்?" என்று கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா அன்றைக்கு என் முன்னால் அழுதாள். "புரிஞ்சுக்கிற படம்னா அவருக்கு வேண்டாம். என்னையும் நல்லாப் புரிஞ்சுபோச்சு போல, அதான் வேண்டாம்னு ஆயிட்டேன்" என்றாள். அதன்பிறகு கொஞ்ச நாள் நான் அத்தானோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. புதன்கிழமை தூக்கத்தை மட்டும் விடவில்லை. கோபம் வேறு, தூக்கம் வேறு.

அப்படி ஒரு புதன்கிழமை போட்ட படம், பனியில் மாட்டிக்கொண்ட ஒரு ரயிலைப் பற்றியது என்று ஆரம்பத்தில் கொஞ்சம் பார்த்தேன். ரயிலில் சமையல்காரி ஒருத்தி. இருக்கிற கொஞ்சம் சாமானை வைத்து எல்லாப் பயணிகளுக்கும் சமைக்க வேண்டும். பெரியவரின் ரயில் ஒருவழியாகத் திரையிலேயே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன். இடைவேளையில் மேனேஜரின் டார்ச் முகத்தில் பட்டுப் போனது அரைகுறையாக நினைவிருக்கிறது.

பிறகு தறி நின்றது.

அப்படித்தான் எனக்குத் தோன்றியது. விழுந்தடித்து நிமிர்ந்து காலால் செருப்பைத் தேடினேன். கரண்ட் போய்விட்டது, சூப்பர்வைசர் வருவார், எழுந்து நில் என்று உடம்பே சொல்லிற்று. பக்கத்தில் மடிப்புப் பிரிவு அக்காவும் நிமிர்ந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பின்வரிசையில் பெரியவர், எண்ணெய்க்காரர்கள், அத்தனை பேரும் முழித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்புறம்தான் புரிந்தது. நிற்கத் தறி எங்கே இருக்கிறது இங்கே? படத்தின் சத்தம் போய்விட்டிருந்தது. திரையில் சமையல்காரி வாயைத் திறந்து வேகமாகப் பேசிக்கொண்டிருந்தாள், ஒரு சொல் வெளியே வரவில்லை. அரங்கமே தண்ணீருக்குள் இருப்பதுபோல இருந்தது.

அந்த அமைதியில் ஒருவர் சிரித்தார்.

முன்வரிசையில், நாற்காலி நுனிக்கு வந்து, முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு, அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ஓடிய எழுத்தில் சமையல்காரி ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருந்தாள். அவர் சத்தம் எங்கே என்று மேலே பார்க்கவில்லை. ஆபரேட்டர் அறைப் பக்கம் திரும்பிக் கத்தவில்லை. அவருக்கு எதுவும் நின்றுபோகவில்லை.

நான் ஒரு மடையன். தறிக்கூடத்தில் யாரும் யாருடைய குரலையும் கேட்பதில்லை. அந்த இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். அங்கே அவர் எங்களில் ஒருவர், எந்த வித்தியாசமும் தெரியாது. டீக்கடையில் எப்போதும் எதிர்ப்பக்கம்தான் உட்காருவார். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். டிஸ்க்கில் பேசியவர்களின் வாய் அசைவது ஒன்று, வருகிற சொல் வேறு. எழுத்தும் இல்லை. பாவம், எதைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்? நம் படங்களில் நமக்காக யார் எழுத்து போடப் போகிறார்கள்? அக்கா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்ட கேள்விகள் எல்லாம் எங்கே போயின என்று அப்போது தெரிந்தது. அழுகை வந்தது. இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

அத்தான் ஒருமுறை பின்னால் திரும்பினார். இருட்டில் எங்களைப் பார்த்தார். வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு பதறி ஓடி வந்தார். நான் எழுந்து போய் அவரை வாசலிலேயே மறித்தேன்.

"ஸ்பீக்கர் போயிடுச்சு. நிறுத்திடறேன். அடுத்த வாரம் வாங்க, சும்மாவே போட்டுக் காட்டறேன்" என்றார்.

"நிறுத்தாதீங்க. ஓடட்டும்."

"சத்தம் இல்லாம என்னத்தைப் பாப்பீங்க?"

"எழுத்து ஓடுதுல்ல. எங்களுக்குப் படிக்கத் தெரியும். பன்னிரண்டு தலை இருக்கு, எண்ணிக்குங்க."

அவர் டார்ச்சை அடித்து எண்ணினார். அத்தனை கண்ணும் திறந்திருந்ததைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் பயமாகப் போயிருக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அன்றைக்குத்தான் நாங்கள் முதல்முறையாக ஒரு படத்தைப் பார்த்தோம். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டிருந்தது. ஜன்னல் உயரத்துக்குப் பனி ஏறியது. ஒரு குழந்தை கண்ணாடியில் ஊதிப் படம் வரைந்தது. பயணிகள் ஒவ்வொருவராகத் தாங்கள் ஒளித்து வைத்திருந்த தின்பண்டங்களைக் கொண்டுவந்து சமையல்காரியின் மேசையில் வைத்தார்கள். கனவில் நான் நடந்த அதே பனிதான். ஆனால் கனவில் எனக்குப் புரிந்த மொழி இப்போது உதடுகளில் மட்டும் அசைந்தது. உதட்டைப் படித்தே பிழைக்கிற எங்களாலேயே ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. கீழே எழுத்து வரும்வரை காத்திருந்தோம். வந்தது, படித்தோம், சிரித்தோம். கதவருகில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இத்தனை நாளும் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்தது. அங்கே அவர் மட்டும் தனியாக இல்லை. ஊர் பேர் தெரியாத மொழியில் எல்லோருமே எழுத்தை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் மற்றவர்கள் மெல்ல நழுவிவிட்டார்கள். மாடிப்படியில் அத்தானும் நானும்தான். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று என் முகத்துக்கு நேராகத் திரும்பினார்.

"சத்தம் எப்ப போச்சு மாப்ள?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"திரும்பிப் பாத்தேன். எல்லாரும் முழிச்சுக்கிட்டு இருந்தீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவாங்களே. அந்தப் பொம்பளை எல்லாருக்கும் சோறு போட்டாளா இல்லையான்னு பாக்க வேண்டாமா?"

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்தார், என் முகம் தெரிகிறபடி கொஞ்சம் கீழே தள்ளி. ஒரு காது முதலில் போனதாகவும் அதைத் தறியின் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிட்டதாகவும் சொன்னார். இன்னொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. தறியில் கோளாறு என்றால் சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார். வேலைக்குப் பயம் இல்லை.

"அப்ப வீட்டுல ஏன் மறைச்சீங்க? அக்கா உங்களுக்கு அவ வேண்டாம்னு ஆயிட்டதா நினைச்சுக்கிட்டு இருக்கா. பொண்ணு போன் பண்ணா ஓடிப்போறீங்க. அது என்ன பாவம் பண்ணிச்சு?"

"பொண்ணு ரொம்ப மெதுவாப் பேசுவா மாப்ள, உனக்கே தெரியும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். உங்க அக்காகிட்ட சொன்னா அவளுக்கும் போயிடும். எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சா கத்திப் பேசுவா. அவ கத்தி நான் கேட்டதே இல்ல. கடைசியா காதுல விழுந்த குரல் அப்படியே இருக்கட்டும்னு நினைச்சேன்" என்றார்.

எனக்குக் கோபமும் வந்தது, அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டில் கோபம்தான் முதலில் வாய்க்கு வந்தது. "உங்களுக்குள்ள அவ குரல் இருக்கு, சரி. அவளுக்குள்ள உங்க குரல் எங்க இருக்கு? இன்னிக்கே அக்காகிட்ட சொல்லுங்க. இல்லன்னா நான் போய்ச் சொல்வேன்" என்றேன். ஒவ்வொரு சொல்லையும் அவர் என் உதட்டில் பார்த்துப் படித்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று மத்தியானமே சொல்லியிருக்கிறார். அக்கா முதலில் நம்பவில்லையாம். பிறகு அவர் பின்னால் போய் நின்று, வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டிப் பார்த்தாளாம். திரும்பவே இல்லையாம். "அப்ப இத்தனை காலமா நான் போட்ட சண்டையெல்லாம் வீணா?" என்று என்னிடம் கேட்டாள். அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் தேம்பித் தேம்பி அழுதாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என்னையும் வரச் சொன்னாள். மணி அடித்தது. போன் திரை ஒளிர்ந்ததைப் பார்த்ததும் அத்தான் பழக்கதோஷத்தில் எழுந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். பெண்ணிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை, எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மகள் வழக்கம்போல அம்மாவிடம் மட்டும் பேச ஆரம்பித்தாள். புது அலமாரி வாங்கினாளாம், அது வாசல்படிக்குள் நுழையவே இல்லையாம். வராந்தாவிலேயே நிற்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதில் தங்கள் செருப்பை அடுக்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

அக்காவும் கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் மில்லில் நூல் சுற்றியவள்தான். அவள் அத்தானின் கண்ணைப் பார்த்துக்கொண்டு, மகள் சொல்வதை ஒன்று விடாமல், குரல் எழுப்பாமல் உதட்டில் சொல்லிக்கொண்டே வந்தாள். மகள் சொல்லி முடித்த சற்று நேரம் கழித்து, செருப்பு விஷயம் அவரிடம் வந்து சேர்ந்தது. அத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

போனில் பேச்சு நின்றுவிட்டது.

"அம்மா, சிரிச்சது யாரு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அக்கா அதையும் அவரிடம் சொன்னாள்.